குடிக்காதவன் ஈரல்

இதை நான் பேனா பிடித்து எழுதவில்லை. பேனா பிடித்தால் எழுத்து கோழி கிண்டிய மாதிரி ஆகிவிடுகிறது. போனில் ஒரு விரலால் தட்டுகிறேன். நாலு வரி தட்டுவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். கோவில்பட்டி - விளாத்திகுளம் தடத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எக்கச்சக்கம். அதில் பாதிப் பேர் நான் குடித்துக் கெட்டவன் என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், என்னைப் போல சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து வாழ்கிற குடும்பங்களுக்காகவும் இது.

என் பெயர் மாரியப்பன். அந்தத் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். எதையும் பிடிக்காமல் ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

முதலில் போனது கை. சில்லறை கொடுக்கும்போது விரல் நடுங்கி, காசு பயணிகள் மடியில் கொட்டியது. அடுத்து நாக்கு. ஊர்ப்பேரைச் சொல்லிக் கத்துவதுதான் என் பிழைப்பு. அந்தப் பேர்கள் வாய்க்குள்ளேயே குழைந்தன. பிறகு கால் தள்ளாடியது, வாயோரத்தில் எச்சில் வழிந்தது. ஒரு நாள் காலை வண்டியில் வற்றல் மூட்டையோடு ஏறிய ஒரு அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம், "விடியுமுன்னாடியே ஏத்திட்டு வந்திருக்கான் பாரு" என்று சொன்னாள். நான் காதில் விழாத மாதிரி டிக்கெட் கிழித்தேன்.

முதலாளி நல்ல மனுஷன். தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "மாரி, நீ வேலக்காரன்தான். ஆனா டூட்டியில குடிக்கிறவன வச்சிக்கிட முடியாதுல்லா."

"குடிக்கல அண்ணாச்சி" என்றேன். அதையும் குழறித்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

என் மனைவி செல்வி. அவள் என் அக்கா சண்முகத்தாயின் மகள். எங்கள் பக்கம் இது அதிசயமில்லை. வானம் பார்த்த கரிசல் நாலு ஏக்கரும் பஸ் வேலையும் வைத்திருப்பவனுக்கு வெளியே யார் பெண் தருவார்கள்? அக்கா தந்தாள். அம்மா போன பிறகு என்னையும் என் தம்பி காளிராஜையும் வளர்த்தவளும் அவள்தான். எனக்கு அக்காவும் அவள்தான், மாமியாரும் அவள்தான். திட்டும்போது இரண்டு முறைக்கும் சேர்த்துத் திட்டுவாள்.

வேலை போன பிறகு காலில் நீர் கோத்தது, கண் மஞ்சளித்தது. கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஸ்கேன் பார்த்துவிட்டு ஈரல் சுருங்கிப்போயிருக்கிறது என்றார். "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளே நம்பவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் கை கூடுதலாக நடுங்குகிறது.

"வீட்ல வேற யாருக்காவது ஈரல் வியாதி உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நான் பேசினால் புரியாது என்பதால் அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். எனக்கு இன்னொரு தம்பி இருந்தான். அவனப் பாம்பு கடிச்சிட்டு."

அது பொய். காளிராஜை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை. கல்யாண வயது வரும் முன்னாலேயே அவனுக்கு வயிறு வீங்கியது, கண் மஞ்சளாகியது, நடை தள்ளாடியது. குடிக்கிறான் என்று ஊர் சொன்னது. நாங்களும் நம்பினோம். அக்கா அவனை வீட்டைவிட்டுத் தள்ளினாள். விளாத்திகுளத்தில் ஒரு பருத்திக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தான். அங்கேயே ரத்த வாந்தி எடுத்துச் செத்தான். கரிசல் காட்டில் பாம்பு கடித்துச் செத்தால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். குடித்துச் செத்தவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அதனால் அக்கா பாம்பு என்று சொன்னாள். ஊரும் அதையே ஏற்றுக்கொண்டது. அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த செல்விக்கும் பாம்பு என்றுதான் தெரியும்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் குடிக்காமலே ஈரல் கெட்டது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், அந்த டாக்டருக்குப் பொறி தட்டியிருக்கும். என் நாக்கு இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அது நடக்கவில்லை.

அதற்குப் பதிலாக என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கம் குடியை விடுகிறவனுக்குச் சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டுவார்கள். கயிறு இருக்கும்வரை தொட மாட்டான் என்று நம்பிக்கை. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் மேலெல்லாம் நேற்றைய வாடை. குடிக்காதவன் ஒருத்தன் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் சாமி என்ன நினைக்கும்? செல்வி அழுதுகொண்டே நின்றதால் கையை நீட்டினேன். பூசாரி முடிச்சுப் போட்டபோதுதான் காளிராஜ் ஞாபகம் வந்தான். "நான் குடிக்கலண்ணே" என்று அவனும் இதே குழறலில்தான் சொன்னான். அவனும் குடிக்காதவன்தானோ என்று தோன்றியது. அந்தச் சந்தேகத்தை யாரிடமும் சொல்ல வாய் இல்லை.

அக்கா வீட்டு வைத்தியத்தையும் விடவில்லை. செம்புக் குடத்தில் ஊறிய தண்ணீர் ஈரலைக் கழுவும் என்று யாரோ போனில் பேசுவதைக் கேட்டு, புதுச் செம்புக் குடம் வாங்கி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு கொடுத்தாள். பாசத்தோடுதான் கொடுத்தாள்.

விஷயம் வெளிவந்தது கயத்தாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில். அக்காவுக்குக் கண்புரை. துணைக்குச் செல்வியோடு போன நான் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்த ஒரு இளம் டாக்டரம்மா அக்காவை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நீங்க இப்படி வாங்க" என்று மிஷின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். என் கருவிழியைச் சுற்றி விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம் ஓடுகிறது என்றார்.

செல்வி கேட்டாள். "குடிச்சா அப்படி வருமா டாக்டர்?"

"குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது செம்பு. உடம்புல செம்பு தங்கிப்போயிருக்கு. உடனே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

சம்பந்தமே இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து எச்சில் ஒழுக அழுதேன். செல்வி என் கையில் இருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தைப் பற்றி என்ன சொல்ல? நாங்கள் பார்த்தவரை அங்கே உட்கார இடம் கிடைத்தவன் பாக்கியவான். எண் கூப்பிடுவார்கள். நம் எண் வரும்போது நாம் ரத்தம் கொடுக்கிற இடத்தில் நிற்போம். அங்கிருந்து வந்தால் எண் தாண்டியிருக்கும். ரத்தத்தில் செம்பைச் சுமக்கிற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். குறைவு. ஒரு முழு நாள் மூத்திரத்தைப் பிளாஸ்டிக் கேனில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் கேனைச் செல்வி சேலை முந்தானையால் மூடி, கோயில் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டு போவாள். அதில் செம்பு எக்கச்சக்கம். தலையை ஸ்கேன் எடுத்ததில் மூளையிலும் படிந்திருந்தது தெரிந்தது. அதனால்தான் நடுக்கம், அதனால்தான் குழறல்.

என்னை வார்டில் சேர்த்த பிறகு பெரிய டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் துளித்துளி செம்பு இருக்கிறது. தேவைக்குப் போக மிஞ்சியதை ஈரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுவதற்கான கட்டளை ஒரு மரபணுவில் இருக்கிறது. அது ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. நான் அதை இப்படிப் புரிந்துகொண்டேன்: பஸ்ஸில் முன்வாசலுக்கு ஒருத்தன், பின்வாசலுக்கு ஒருத்தன். ஒருத்தன் லீவு போட்டாலும் மற்றவன் சமாளிப்பான். இரண்டு பேரும் இல்லையென்றால் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும், இறக்கிவிட ஆளிருக்காது. எனக்கு இரண்டு பிரதியும் பழுது. பிறந்ததிலிருந்தே செம்பு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்கா செம்புக் குடத்தைப் பற்றிக் கேட்டாள். "அதனால வந்த வியாதி இல்லம்மா. ஆனா இனிமே அது வேண்டாம்" என்றார் டாக்டர். அவள் அன்றைக்கு முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உடம்பில் சேர்ந்த செம்பைப் பிடித்து வெளியேற்ற மாத்திரை தொடங்கினார்கள். ஆரம்பத்தில் சிலருக்கு மோசமாகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தன். மிச்சமிருந்த பேச்சும் நின்றது. கஞ்சி விழுங்கினால் புரையேறியது. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். செத்தால் எரித்த பிறகு செம்பு மிஞ்சுமா என்றெல்லாம் கோணலாக யோசித்தேன். செல்வி கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்துப் படுத்தபடி ஒரு கையை மேலே நீட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். வார்டு கட்டணத்தைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, மரபணுப் பரிசோதனைக்கு அந்த அட்டை செல்லாது என்றார்கள். அக்கா ஆடுகளை விற்றாள்.

ஒரு காலையில் டாக்டர் வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் கோடு. மற்றவர்கள் குடும்பம் மரம் மாதிரி கீழே விரியுமாம். எங்களுடையது கயிற்றுக் கட்டில் மாதிரி உள்ளுக்குள்ளேயே பின்னிக்கொண்டது. என் அப்பா என் அம்மாவுக்குத் தாய்மாமன். நான் செல்விக்குத் தாய்மாமன்.

"சொந்தத்துல கட்டினாலே பிள்ளைக்கு நோய்தான்னு நான் சொல்லல" என்றார் டாக்டர். "நிறையப் பேர் நல்லா இருக்காங்க. ஆனா பழுதான பிரதி ஒண்ணு ஒரு குடும்பத்துக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தா, ரெண்டு ஒரே பிள்ளைகிட்ட வந்து சேர வாய்ப்பு கூடும். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கால்ல?"

இருக்கிறாள். தர்ஷினி. நாலாவது படிக்கிறாள். அப்போது ஊரில் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

"உங்ககிட்ட இருந்து ஒரு பழுதான பிரதி அவளுக்குக் கட்டாயம் போயிருக்கும். செல்விகிட்டயும் ஒண்ணு இருந்து, அதையே அவ வாங்கியிருந்தா, அவளுக்கும் இந்த வியாதி. இப்பவே தெரிஞ்சா மாத்திரையிலயே தடுத்திரலாம். கூட்டிட்டு வாங்க."

"வேண்டாம் சார்" என்றாள் அக்கா. "பொட்டப்பிள்ள. நல்லா ஓடியாடித் திரியுதா. ஒரு தடவ எழுத்துல வந்துட்டுன்னா பெறகு அழியுமா? நாளைக்கு எவன் கட்டுவான் அவள?"

டாக்டர் கோபப்படவில்லை. "இது நீங்க முடிவு பண்ண வேண்டியது. இந்தக் குடும்பத்துல வேற யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?"

"தம்பி ஒருத்தன். பாம்பு கடிச்சு" என்றாள் அக்கா. டாக்டர் ஒரு கட்டத்தின் மேல் குறுக்கே கோடு போட்டுப் பக்கத்தில் என்னவோ குறித்துக்கொண்டார்.

நான் தலையை ஆட்டினேன். சத்தம் போட்டேன். தொண்டையிலிருந்து மாடு கத்துகிற மாதிரிதான் வந்தது. பேனாவைக் கொடுத்தார்கள். தாள் கிழிந்தது. எனக்கு வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டார்கள். உண்மை தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தனுக்கு வாயில்லை, இன்னொருத்திக்கு மனசில்லை. செல்வி என் நெற்றியைத் தடவி, "பெறகு பாத்துக்கிடலாம் மாமா. அம்மாவும் பிள்ளைக்காவத்தான சொல்லுதா" என்றாள். என் பிள்ளைக்கு உள்ளே செம்பு ஏறிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல் அந்தக் கட்டிலில் கிடந்தேனே, அதுதான் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மிக மோசமான நேரம்.

என்னிடம் மிச்சமிருந்த ஆயுதம் ஒன்றுதான். மத்தியானம் அக்கா கஞ்சி கொண்டுவந்தபோது வாயைத் திறக்கவில்லை.

"வாயத் தொறலே" என்றாள். நான் அவளையே பார்த்தேன்.

"மாத்திர போடணும்லா. தொறலே மாரி." கரண்டியை உதட்டில் முட்டினாள். கஞ்சி கழுத்தில் வழிந்தது. துடைத்தாள். திட்டினாள். எங்கள் அம்மா பேரைச் சொல்லிக் கெஞ்சினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் இறங்கியது. "அவனச் சொல்லுதியாலே?" என்றாள். நான் கண்ணை மூடித் திறந்தேன். கஞ்சியில் ஆடை படியும்வரை தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்து முடிக்கும்வரைகூட அக்கா பொறுக்கவில்லை.

"சார், என் கடேசித் தம்பியப் பாம்பு கடிக்கல. வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாயி, ரத்தமா எடுத்துச் செத்தான். இவன மாதிரியேதான் தள்ளாடுனான். குடிக்கான்னு நாந்தான் வெளிய தள்ளுனேன்."

செல்வி தன் அம்மாவை யாரோ மாதிரி பார்த்தாள்.

"அவர் குடிச்சத நீங்க பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார். ஊர்ல சொன்னாவ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "அவருக்கும் இதுவா இருக்கத்தான் வாய்ப்பு ரொம்ப அதிகம். அந்தப் பிள்ளையைத் தள்ளிப் போடாதீங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்கா அந்த ஆறின கஞ்சியை ஊட்டினாள்.

தர்ஷினி வந்தாள். ரத்தம் எடுக்கும்போது அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் அழுதாள். அவளுடைய ரத்தத்தையும் எங்களுடையதையும் வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரங்களில் செல்வி தன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. அவள் பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெயிலில் நிறுத்தி இமையை விரித்து விளிம்பில் பழுப்பு தெரிகிறதா என்று தேடுவாள். தெரியவில்லை. தெரியாததால் நாங்களாகவே நல்லது என்று முடிவு செய்துகொண்டோம்.

முடிவு வந்ததும் மதுரைக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. செல்வியிடம் ஒரு பிரதி பழுது. தர்ஷினிக்கு இரண்டும் பழுது. இரண்டிலும் இருப்பது ஒரே மாற்றம். முன்னோர் ஒருத்தரிடமிருந்து கிளம்பி, எங்கள் கல்யாணங்களின் வழியே சுற்றி வந்து, அவளிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஈரல் பரிசோதனையில் லேசான வீக்கம் தொடங்கியிருந்தது.

"மாத்திரை ஒரு நாளும் நிறுத்தாம போட்டா இவ நல்லா வளருவா, படிப்பா, எல்லாம் செய்வா" என்றார். "நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல." செல்வி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் வரும்போது சாத்தூர் தாண்டியதும் அக்கா ஒரு தடவை, "ஒத்தப் பிள்ளையே" என்றாள்.

நிலக்கடலை, முந்திரி, சாக்லேட், ஈரல் எல்லாம் இனிமேல் ஆகாது. கடலைமிட்டாய் ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கடலை ஆகாது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் முதல் மாத்திரை. அக்கா தம்ளரில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். தர்ஷினி மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கும் உங்க வியாதியா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். செல்வி உள்ளே போய்விட்டாள்.

"அப்போ நானும் உங்கள மாதிரிதான் பேசுவேனா?"

அப்போது எனக்குப் பேச்சு அரைகுறையாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. "மாட்ட" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முகத்தை என் வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். மறுபடியும் சொன்னேன். இன்னமும் புரியாமல் என் உதட்டையே பார்த்தாள். எச்சிலைக் கூட்டி விழுங்கி, நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்தி, மூன்றாம் தடவை சொன்னேன். அப்போதுதான் தலையாட்டினாள். அக்காவிடம் தம்ளரை வாங்கி மாத்திரையை விழுங்கினாள்.